நேரா தமிழ்ல இருந்தே இத்தாலியன்: வாசகர் கேள்வி பதில்

இத்தாலியன் படிக்கிறவங்க சந்தேகம் எழுதி அனுப்புங்கன்னு போன இதழ்ல ஒரு வரி போட்டிருந்தோம், நிறைய கடிதம் வந்திருக்கு, எல்லாத்துக்கும் இடம் இல்லாததால திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்திருக்கேன். இத்தாலியன் வார்த்தைகளை தமிழ் எழுத்துலயே தர்றேன், சத்தம் எங்க குழம்புமோ அங்க தனியா சொல்லிடுறேன்.

கேள்வி: அக்கா, செப்டம்பர்ல தூரின்ல மாஸ்டர்ஸ் சேரப் போறேன். ஆப்ல இத்தாலியன் படிக்கிறேன், விளக்கம் பூரா இங்கிலீஷ்ல இருக்கு, எனக்கு இங்கிலீஷே தட்டுத்தடுமாறித்தான் வரும். 'மி பியாச்சே'ன்னா 'ஐ லைக்'னு போட்டிருக்கு, அப்போ 'நான்'ங்கிற வார்த்தை எங்க போச்சு? இங்கிலீஷ் நல்லா வந்தாதான் இத்தாலியன் வருமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. இந்தக் கேள்வியை முதல்ல போட்டதே அதுக்குத்தான். நம்மாளுங்க நிறைய பேரு இத்தாலியனை இங்கிலீஷ் வழியா சுத்திப் போய் படிச்சு பாதியில விட்டுடறாங்க, பக்கத்துத் தெருவுக்குப் போக பஸ் ஸ்டாண்டு வழியா சுத்துற மாதிரி.

'மி பியாச்சே இல் தே'ன்னா 'எனக்கு டீ பிடிக்கும்'. அவ்ளோதான். 'மி'ன்னா 'எனக்கு', 'பியாச்சே'ன்னா 'பிடிக்கும்'. இங்கிலீஷ்காரங்களுக்குத்தான் இது தலைகீழா தெரியும், ஏன்னா அவங்க 'நான் விரும்புறேன்'னு யோசிக்கிறாங்க, நாம பொறந்ததுல இருந்தே 'எனக்குப் பிடிக்கும்'னு தானே சொல்றோம். இந்த 'எனக்கு' குடும்பம் இத்தாலியன்ல பெருசு: 'மி ஸெர்வே'ன்னா எனக்குத் தேவைப்படுது, 'மி ஸெம்ப்ரா'ன்னா எனக்குத் தோணுது, 'மி ஃபா மாலே லா தெஸ்தா'ன்னா எனக்குத் தலை வலிக்குது. ஒரே ஒரு இடத்துல கவனமா இருங்க. பிடிச்ச பொருள் பன்மையா இருந்தா வினையும் பன்மையாகணும், 'மி பியாச்சொனோ இ லீப்ரி', எனக்குப் புஸ்தகங்கள் பிடிக்கும். தமிழ்ல 'பிடிக்கும்' மாறாது, அங்க மாறும்.

அப்புறம் 'நான்' எங்கன்னு கேட்டீங்கல்ல, 'இயோ'ன்னு ஒண்ணு இருக்கு, ஆனா பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க. நாம 'நாளைக்கு வர்றேன்'னு சொல்றோம், அந்த 'ஏன்'லயே 'நான்' உக்காந்திருக்கு. அதே மாதிரி பார்லோன்னா பேசுறேன், பார்லின்னா பேசுற, பார்லான்னா பேசுறான் பேசுறா, பார்லியாமோன்னா பேசுறோம். விகுதி பாத்தே ஆள் தெரிஞ்சிடும். ஒவ்வொரு வாக்கியத்துலயும் 'இயோ இயோ'ன்னு போட்டா, 'நான் சாப்பிட்டேன் நான் தூங்கினேன் நான் எந்திரிச்சேன்'னு தமிழ்ல சொல்ற மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு. 'ரெண்டு வருஷமா தூரின்ல இருக்கேன்'னு சொல்ல 'ஆபிதோ ஆ தொரீனோ தா தூஎ அன்னி', சாதாரண நிகழ்காலம் போதும். இங்கிலீஷ்ல இதுக்கு 'ஹேவ் பீன்'னு ஒரு தனி சமாச்சாரம் வச்சிருக்காங்க, அதை மனசுல வச்சுக்கிட்டு இத்தாலியன்ல தேடி இறந்த காலத்துல கொண்டு போய்ச் சொருகுறவங்களை நிறைய பாத்திருக்கேன். உங்க தமிழ் வாக்கியத்தை நம்புங்க. வார்த்தைகளோட வரிசை மட்டும் தமிழ் மாதிரி இல்ல, வினை கடைசிக்குப் போகாது, நடுவுலயே வந்துடும், அது ஒண்ணு பழகணும்.

கேள்வி: அக்கா, நான் பலெர்மோவுக்கு வந்து மூண்டு வருசமாகுது, ஒரு வீட்டில வேலைக்குப் போறன். அவை கதைக்கிறது எனக்கு நல்லா விளங்குது, ஆனா நான் கதைக்கேக்க சில சொல்லு அவைக்கு விளங்குதில்லை. சந்தையில 'எவ்வளவு'ண்டு கேட்டா கடைக்காரர் முழிக்கிறார். சொல்லு சரிதான், கொப்பியில எழுதி வச்சுத்தான் பாடமாக்கினனான். என்ன பிழை விடுறன்? (வாசகி, பலெர்மோ)

பதில்: தங்கச்சி, சொல்லு சரி, சத்தம் தான் சறுக்குது. 'எவ்வளவு'க்கு இத்தாலியன் 'குவாந்தோ'. 'எப்போ'க்கும் 'குவாந்தோ'. உங்க கொப்பில பாருங்க, தமிழ் எழுத்துல எழுதினா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா அவங்க காதுக்கு ரெண்டும் வேற வேற, முதல்ல இருக்கிறது 'தம்பி'ல வர்ற த, ரெண்டாவது 'பந்து'ல வர்ற த. நம்ம நாக்குக்கு ஒரு பழக்கம் இருக்கு, ந், ம், ங் இதுகளுக்குப் பின்னாடி வல்லினம் வந்தா தானா மென்மையாயிடும், பந்து, பாம்பு, சங்கு எல்லாம் அப்படித்தான். அதனால நீங்க 'எவ்வளவு விலை'ன்னு கேக்க, அவருக்கு 'எப்போ விலை'ன்னு கேக்குது. பாவம், அவரு முழிக்காம என்ன செய்வாரு!

இதுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற வழி ஒண்ணு இருக்கு. தொண்டைல ரெண்டு விரலை வைங்க. 'பந்து'ன்னு சொல்லுங்க, அதிர்வு நிக்காம ஓடும். இப்போ 'குவான்'னு சொல்லி நிறுத்துங்க, அதிர்வு நிக்கட்டும், அப்புறம் 'தோட்டம்'னு சொல்ல ஆரம்பிச்சு 'தோ'வோட விட்டுடுங்க. குவான்... தோ. இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே வாங்க, ஆனா விரலுக்கு அடியில அந்த ஒரு நொடி அமைதி போகக் கூடாது. நூறுக்கு 'சென்தோ'வும் இதே கதைதான். அஞ்சுக்கு 'சின்க்வே', அதுல வர்ற க் 'கண்'ல வர்ற க, 'சங்கு'ல வர்றது இல்ல. 'வென்தோ'ல தம்பி த வந்தா காத்து, பந்து த வந்தா 'நான் விக்கிறேன்'.

ரெண்டு உயிருக்கு நடுவுல வந்தாலும் இதே பிரச்னை தான். ஃப்ரெண்டுக்கு 'அமீகோ', 'கொஞ்சம்'னு சொல்ல 'போகோ', ரெண்டுலயும் வர்றது 'கண்'ல வர்ற க. நாம 'பகல்'ல வர்ற மாதிரி இழையவிட்டுடறோம். வார்த்தை முதல்லயும் பாத்துக்கோங்க, 'பழம்' பவோட பாஸ்தான்னா சாப்பிடுறது, 'பஸ்' பவோட பாஸ்தான்னா 'போதும்'. வேலை செய்ற வீட்டுல தட்டுல இன்னும் கொஞ்சம் போட வரும்போது இந்த ரெண்டும் மாறினா சிக்கல்!

உங்க கொப்பிக்கு ஒரு சின்ன வேலை சொல்றேன். தமிழ் எழுத்துல எழுதுறதை விட வேண்டாம், மென்மையான சத்தம் வர்ற எழுத்துக்கு அடியில மட்டும் சிவப்புப் பேனாவால ஒரு கோடு போடுங்க. எப்போவுக்கு வர்ற குவாந்தோல 'தோ'க்குக் கீழ கோடு, எவ்வளவுக்குக் கோடு இல்ல. ஒரு மாசம் செஞ்சு பாருங்க.

கேள்வி: சகோதரிக்கு வணக்கம். ஓய்வுபெற்ற தமிழாசிரியன், வயது 67. மகள் மிலானில் இருக்கிறாள், பேரனோடு பேசுவதற்காகப் படிக்கத் தொடங்கினேன். இரட்டை மெய்தான் மிகக் கடினம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லையே, நான் ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டேனா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ஐயா, உங்க கடிதத்தைப் படிச்சதும் அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. நீங்க எதையும் தப்பா புரிஞ்சுக்கல. இரட்டை மெய் இங்கிலீஷ் பேசறவங்களுக்குத்தான் கஷ்டம், அவங்க காதுக்கு அந்த வித்தியாசமே சரியா கேக்காது. நமக்கு புளி வேற புள்ளி வேற, கனி வேற கன்னி வேற. அப்படித்தான் காஸான்னா வீடு, கஸ்ஸான்னா கடைல பணம் கட்டுற இடம். ஸோனோன்னா இருக்கேன், ஸொன்னோன்னா தூக்கம். நோனோன்னா ஒன்பதாவது, நொன்னோன்னா தாத்தா, பேரன் உங்களைக் கூப்பிடப் போறது அப்படித்தான். முன்னாடி இருக்கிற உயிரோட மாத்திரையையும் கவனிச்சிருப்பீங்க, ஒத்தை மெய்க்கு முன்னாடி நீளும், இரட்டைக்கு முன்னாடி குறுகும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிடறேன். வயசு சொல்லும்போது 'இத்தனை வருஷம் வச்சிருக்கேன்'னு சொல்லணும், 'ஓ வென்தன்னி'ன்னா எனக்கு இருபது வயசு. இந்த 'அன்னி'ல ன் ரெட்டையா விழலைன்னா அது உடம்புல பின்பக்கத்து சமாச்சாரமா மாறிடும்.

ஐயா, உங்களுக்காக இன்னொண்ணு. நீங்க வாழ்நாள் பூரா பிள்ளைங்களுக்கு வல்லினம் மிகும் இடம் சொல்லிக் கொடுத்திருப்பீங்க, அது இத்தாலியன்லயும் இருக்கு! 'ஆ'ன்னா வேற்றுமை உருபு மாதிரி, 'காஸா'ன்னா வீடு, சேர்த்து 'வீட்டுக்கு'. எழுதும்போது ரெண்டு தனி வார்த்தைதான், ஆனா ஃபிளாரன்ஸ்லயோ ரோம்லயோ ஒருத்தர் சொல்றதைக் கேளுங்க, 'அக்காஸா'ன்னு வரும், நம்ம அ கூட்டல் காலம் அக்காலம் ஆகுற மாதிரியே. 'எ வேரோ', அது உண்மைதான்னு அர்த்தம், சொல்றப்போ 'எவ்வேரோ', நம்ம அவ்வழி, அவ்வீடு மாதிரி. சில வார்த்தைல இது எழுத்துலயே ஏறிடுச்சு. 'நிஜமாவா'ங்கிறதுக்கு தவ்வேரோ, அது தா கூட்டல் வேரோ. 'யாருக்குத் தெரியும்'ங்கிறதுக்கு கிஸ்ஸா, அது கி கூட்டல் ஸா. உங்க மகள் இருக்கிற மிலான் வடக்கு, அங்க பேச்சுல இது பொதுவா மிகாது, அதனால பேரன் 'ஆ காஸா'ன்னு சொன்னா திருத்திடாதீங்க.

கேள்வி: மேசை ஆணாம், நாற்காலி பெண்ணாம். எப்படி ஞாபகம் வச்சுக்கிறது? லாஜிக் ஏதாவது இருக்கா? (வாசகி, சேலம்)

பதில்: இங்க தமிழ் கை கொடுக்காது, ஒத்துக்கிட்டுதான் ஆகணும். நமக்கு உயர்திணைக்குத்தான் ஆண்பால் பெண்பால், மேசைக்கெல்லாம் அஃறிணைன்னு ஒரே பை. அங்க அந்தப் பையே கிடையாது. ஓ-ல முடிஞ்சா பெரும்பாலும் ஆண், ஆ-ல முடிஞ்சா பெரும்பாலும் பெண், ஏ-ல முடிஞ்சா எதுவா வேணா இருக்கலாம், பால் 'இல் லாத்தே', சாவி 'லா கியாவே'. விதிவிலக்கும் இருக்கு, கை 'லா மானோ', பிரச்னை 'இல் ப்ரொப்லேமா'. முட்டை ஒண்ணா இருந்தா ஆண், 'லுவோவோ', ரெண்டு ஆயிட்டா பெண், 'லே உவோவா'. மாட்டை வாங்கினா கயிறோட வாங்குற மாதிரி, வார்த்தையை முன்னாடி இருக்கிற இல், லா, லோ-வோட சேர்த்தே மனசுல ஏத்துங்க, தனியா ஏத்தவே ஏத்தாதீங்க. வார்த்தை உயிர்ல தொடங்கினா இந்த முன்னொட்டு 'ல்'னு சுருங்கிடும், நாம 'ஒரு'வை 'ஓர்'னு ஆக்குறோம்ல, அதே காரணம்தான்.

கேள்வி: ஒரு வயசான அம்மாவை வீட்டோட இருந்து பாத்துக்கிறேன். அவங்க என்னை 'தூ'ன்னு கூப்பிடுறாங்க. நானும் 'தூ' சொல்லலாமா? 'நீங்க'ங்கிறதுக்கு 'வோய்'னு ஒருத்தர் சொல்லிக் கொடுத்தாங்க, இன்னொருத்தர் 'லேய்'ங்கிறாங்க. (வாசகி, நேப்பிள்ஸ்)

பதில்: தூன்னா நீ, லேய்ன்னா நீங்க. நீங்க 'லேய்'ல இருந்தே ஆரம்பிங்க, அவங்களே ஒரு நாள் 'தம்மி தெல் தூ', என்னை நீன்னே கூப்பிடுன்னு சொல்லுவாங்க, அதுக்கப்புறம் மாத்துங்க. சொல்லலைன்னா மாத்தாதீங்க. பெரியவங்க நம்மளை 'வாம்மா போம்மா'ன்னு சொல்றாங்கன்னு நாமளும் திருப்பிச் சொல்றதில்லையே.

லேய்க்கு வினை 'அவ'ங்கிற மாதிரி ஒருமைல வரும், 'கோமே ஸ்தா', எப்படி இருக்கீங்க. தூவா இருந்தா 'கோமே ஸ்தாய்'. வோய்ங்கிறது பொதுவா பல பேரைப் பாத்துச் சொல்ற 'நீங்க'. ஆனா உங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரும் தப்பு சொல்லல, நேப்பிள்ஸ் பக்கமும் அதுக்குத் தெக்கயும் பெரியவங்களை மரியாதையா வோய்ன்னு சொல்ற பழக்கம் இன்னும் இருக்கு. 1938ல முசோலினி ஆட்சி 'லேய்' சொல்லக் கூடாது, 'வோய்'தான் சொல்லணும்னு உத்தரவே போட்டுச்சு, அந்த ஆட்சி போனதும் லேய் திரும்பி வந்துடுச்சு. உங்க வீட்டம்மாவோட பிள்ளைங்க அக்கம்பக்கத்துப் பெரியவங்களை எப்படிக் கூப்பிடுறாங்கன்னு கவனிச்சு அதே மாதிரி போங்க.

மன்னிப்பு கேக்கும்போது மட்டும் ஒரு பொறி இருக்கு. தூக்கு 'ஸ்கூஸா', லேய்க்கு 'ஸ்கூஸி'. நம்ம காதுக்கு 'ஸி' சின்னப் பிள்ளைத்தனமாவும் 'ஸா' மரியாதையாவும் தோணும், உண்மை நேர் எதிர். 'ஸ்கூஸி'யை முதல்ல பழகுங்க, பஸ்லயும் ஆஸ்பத்திரிலயும் அதுதான் வேணும்.

கேள்வி: 'போனேன்'ங்கிறதுக்கு துணைவினை 'ஸோனோ', 'சாப்பிட்டேன்'ங்கிறதுக்கு 'ஓ'. எதுக்கு எது வரும்? (வாசகர், மதுரை)

பதில்: ஸ்கூல்ல படிச்ச செயப்படுபொருளை ஞாபகப்படுத்துங்க. 'ஐ' போட முடியுமா பாருங்க. இட்லியை சாப்பிட்டேன், படத்தைப் பாத்தேன், போட முடியுது, அப்போ 'ஓ': 'ஓ மஞ்ஜாதோ'. போனேன், வந்தேன், பொறந்தேன், தங்கினேன், 'எதை'ன்னு கேக்க முடியாது, அப்போ பெரும்பாலும் 'ஸோனோ'. பெரும்பாலும்னு தான் சொல்றேன், தூங்கினேன், வேலை செஞ்சேன், நடந்தேன் இதெல்லாம் இந்தச் சோதனைல மாட்டாம 'ஓ' பக்கம் நிக்கும், 'ஓ தொர்மீதோ', 'ஓ லவொராதோ'. இதுகளைத் தனியா மனப்பாடம் பண்ணிடுங்க.

ஸோனோ வந்தா கூடவே ஆண் பெண் பாக்கணும். தமிழ்ல போனான், போனாள்னு பிரிப்போம், ஆனா 'நான் போனேன்'ல பிரிக்க மாட்டோம். அங்க ஆம்பளை 'ஸோனோ அந்தாதோ', பொம்பளை 'ஸோனோ அந்தாதா'. பொண்ணுங்க நிறைய பேரு டீச்சர் ஆம்பளையா இருந்தா அவரு சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லி 'அந்தாதோ'லயே நின்னுடறாங்க, அதைக் கவனிச்சுக்கோங்க.

கேள்வி: தினமும் காதுல விழற, புஸ்தகத்துல இல்லாத வார்த்தைங்க சொல்லுங்க. (வாசகர், திருச்சி)

பதில்: 'பெர்மெஸ்ஸோ'. இதை முதல்ல சொல்றேன், எனக்கு அவ்ளோ பிடிச்ச வார்த்தை. ஒருத்தர் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க, கதவையும் திறந்துட்டாங்க, சிரிச்சுக்கிட்டே நிக்கிறாங்க, அப்பவும் வாசப்படில ஒரு நொடி நின்னு 'பெர்மெஸ்ஸோ'ன்னு சொல்லிட்டுதான் கால் வைக்கணும். உள்ள வரலாமான்னு அர்த்தம். 'அவான்தி', வாங்க வாங்கன்னு பதில் வரும். நாம செருப்பைக் கழட்டிட்டுப் போற மாதிரி அவங்களுக்கு இது. கூட்டமான பஸ்ல வழி கேக்கவும் இதே வார்த்தைதான்.

'ப்ரேகோ' பல வேலை செய்யும். நன்றின்னு சொன்னா பதிலுக்கு ப்ரேகோ, நீங்க முன்னாடி போங்கன்னு வழி விட ப்ரேகோ, உக்காருங்கன்னு சொல்ல ப்ரேகோ, கடைக்காரர் நம்மளைப் பாத்து 'ப்ரேகோ'ன்னா அது நம்மூரு 'சொல்லுங்க'. 'மகாரி', இதுல வர்ற கா 'காந்தி'ல வர்ற கா, மனசுல இருக்கிற ஆசையை ஒரே சொல்லுல சொல்லும். 'இந்த லீவுக்கு ஊருக்குப் போறீங்களா?' 'மகாரி!' அப்படி நடந்தா எவ்ளோ நல்லாருக்கும்! 'மி ரக்கொமாந்தோ'ங்கிறது கிளம்பும்போது அம்மா சொல்ற 'பாத்து, மறந்துடாத, பத்திரம்'. எல்லாம் அந்த ஒண்ணுலயே அடங்கும். ஃபோன் எடுத்தா ஹலோ கிடையாது, 'ப்ரோன்தோ', தயார்னு அர்த்தம்.

'ச்சாவ்' எல்லாருக்கும் தெரியும், ஆனா எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமா? வெனிஸ் பக்கத்துப் பேச்சுல 'உங்க அடிமை'ங்கிற சொல்லு தேஞ்சு ச்சாவ் ஆச்சு. நம்ம வைஷ்ணவங்க ஒருத்தரைப் பாத்தா 'அடியேன்'னு சொல்றாங்கல்ல, அதே பணிவு. இன்னைக்கு அந்தப் பணிவெல்லாம் போய் நெருக்கமானவங்களுக்கு மட்டும் ஆயிடுச்சு, அதனால ஆஃபீஸ் கவுன்ட்டர்ல ச்சாவ் சொல்லாதீங்க, 'புவோன்ஜோர்னோ' சொல்லுங்க.

கேள்வி: நிரந்தர பெர்மிட்டுக்கு மொழிப் பரீட்சை எழுதணுமாம். எந்த லெவல், எங்க படிக்கிறது? (வாசகர், பலெர்மோ)

பதில்: நீண்டகால ஐரோப்பிய பெர்மிட்டுக்கு ஏ-2 (அன்றாடப் பேச்சுக்கான ஆரம்ப லெவல்), குடியுரிமைக்கு பி-1 (அதுக்கு அடுத்த லெவல்). பி-1 கட்டாயமானது 2018ல. படிக்கிறதுக்கு அரசாங்கமே பெரியவங்களுக்காக நடத்துற பள்ளிக்கூடம் இருக்கு, 'சிபியா'ன்னு கேளுங்க, மாகாணத்துக்கு மாகாணம் உண்டு, செலவு ரொம்பக் குறைவு. தனியார்கிட்ட பெரிய தொகை கட்டுறதுக்கு முன்னாடி அங்க ஒரு தடவை நேர்ல போய் விசாரிச்சுடுங்க, சேர்க்கை பெரும்பாலும் செப்டம்பர் வாக்குல நடக்கும்.

கேள்வி: நாளைக்கழிச்சு எனக்கு வாய்மொழிப் பரீட்சை. கூட வேலை செய்ற அம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு 'இன் போக்கா அல் லூபோ'ன்னாங்க. அகராதில பாத்தா 'ஓநாய் வாய்க்குள்ள'ன்னு இருக்கு. என் மேல கோவமா? (வாசகி, ரோம்)

பதில்: இல்லவே இல்லம்மா, அது வாழ்த்து. பரீட்சைக்கோ மேடை ஏறவோ ஆபரேஷனுக்கோ போறவங்களுக்குச் சொல்றது, நேரா வாழ்த்தினா கண்ணு பட்டுடும்னு ஒரு பயம், நாம குழந்தைக்கு மை வைக்கிற மாதிரி. ஆனா இதுக்கு 'க்ராத்ஸியே'ன்னு நன்றி சொல்லக் கூடாது, ராசி போயிடும்பாங்க. 'க்ரேபி'ன்னு சொல்லணும், அந்த ஓநாய் சாகட்டும்னு அர்த்தம். விலங்கு மேல பாசம் இருக்கிற சின்னப் பிள்ளைங்க இப்போ 'வீவா இல் லூபோ', ஓநாய் வாழ்கன்னும் சொல்றாங்க. நாளைக்கு அந்த அம்மாவைப் பாத்ததும் முதல் வேலையா 'க்ரேபி' சொல்லிடுங்க. அதுல வர்ற பி 'பிள்ளை' பி.